பழைய காரும் குரூஸ் கன்ட்ரோல் கிட்டும்

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பின்னரும் கார் குறித்த வேகத்திலேயே ஓடும்படி பார்த்துக்கொள்ளும் அமைப்பு குரூஸ் கன்ட்ரோல் எனப்படுகிறது. ஐந்து வயதில் பார்வையை இழந்தும் பொறியாளராக உயர்ந்த அமெரிக்கரான ரால்ஃப் டீட்டர் வடிவமைத்து 1950இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பு, 1958ஆம் ஆண்டுக்கான கிரைஸ்லர் கார்களில் முதலில் விற்பனைக்கு வந்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடியைத் தொடர்ந்து அந்நாட்டில் மணிக்கு 55 மைல், அதாவது ஏறத்தாழ 88 கிலோமீட்டர் என்ற உச்ச வரம்பு விதிக்கப்பட்டதும், வேகத்தைச் சீராக வைத்திருக்கும் இவ்வசதிக்கு மதிப்புக் கூடியது. இவ்வசதி இல்லாத கார்களில் பூட்டிக்கொள்வதற்கான கிட்டுகளும் தனியே விற்கப்பட்டன.

இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் அடங்கும் பெருங்களத்தூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஹெரால்டும், நாடெங்கும் ஓடிய அம்பாசடரும் இவ்வசதி இல்லாமல் வந்தவையே. எனினும் இஞ்சின் முன்னே இருக்க, புரொப்பல்லர் ஷாஃப்ட் எனப்படும் நீண்ட தண்டு பின்சக்கரங்களைச் சுழற்றும் அமைப்பை உடையவை என்பதால், அக்காலக் கிட்டுகளின் வடிவமைப்புக்கு இவை பொருந்தி வருகின்றன. அந்தத் தண்டில் பட்டை கட்டிப் பொருத்தப்படும் காந்தங்கள் அருகிலுள்ள கம்பிச்சுருளைக் கடக்கும்தோறும் ஒரு மின்துடிப்பு உண்டாகிறது; துடிப்புகளின் விரைவைக் கொண்டு காரின் வேகத்தை அறியும் கட்டுப்பாட்டுப் பெட்டி, வேகம் குறைந்தால் வேக்குவம் சர்வோ என்னும் கிண்ணத்துக்குள் இஞ்சினின் உறிஞ்சுவிசையைச் செலுத்த, கிண்ணத்திலுள்ள ரப்பர் டயாஃப்ரம் உள்வாங்கி, மெல்லிய மணிச்சங்கிலியால் கார்புரேட்டரின் திராட்டிலை இழுக்கிறது.

இந்த உறிஞ்சுவிசை, ஏற்றத்தில் திராட்டில் அகலத் திறந்திருக்கும்போது குறைந்துவிடுவதால், பெரிய மேடுகள் இல்லாத மாமல்லபுரக் கடற்கரைச் சாலை இக்கருவிக்கு எளிய களமாகத் தோன்றலாம். ஆனால் டீசல் இஞ்சின்களில் பெரும்பாலும் போதிய உறிஞ்சுவிசை கிடைக்காது என்பதால் தனி வேக்குவம் பம்பு தேவைப்படும். பாட்டரியின் பாசிட்டிவ் முனையை பாடியுடன் எர்த் செய்திருக்கும் பழைய பிரித்தானிய வடிவக் கார்களில், நெகட்டிவ் எர்த்துக்கென்று செய்யப்பட்ட கட்டுப்பாட்டுப் பெட்டியை அப்படியே இணைத்தால் அது பழுதாகும். உப்புக்காற்றில் ஸ்விட்சுகளின் தொடுமுனைகள் அரிப்பதும், வெப்பத்தில் ரப்பர் குழாய்கள் வெடிப்பதும் இக்கடலோரத்தில் எதிர்பார்க்க வேண்டியவை.

கோவளம், திருவிடந்தை, மாமல்லபுரம், கல்பாக்கம் என்று ஊர்களையும் குறுக்குச் சாலைகளையும் கோத்துச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வேகத்தைப் பிடித்துவைப்பதைவிடத் தேவைப்பட்ட நொடியில் கைவிடுவதே கருவியின் முதன்மைக் கடமையாகிறது. அதற்கெனவே பிரேக் பெடலை மிதித்ததும் மின்னிணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்சும், அது தவறினாலும் வெளிக்காற்றை உள்ளே விட்டுச் சர்வோவைத் தளர்த்தும் தனி வால்வும் நல்ல கிட்டுகளில் உண்டு. கியர் மாற்றும் கார்களில் கிளட்ச் ஸ்விட்சும் இல்லாவிட்டால், கிளட்சை மிதிக்கும்போது சுமை நீங்கிய இஞ்சின் கட்டுமீறிச் சுழலும்.

வணிக வாகனங்களில் மத்திய மோட்டார் வாகன விதி 118இன் கீழ்ப் பொருத்தப்படும் வேகக் கட்டுப்படுத்தி, பெரும்பாலான வகைகளுக்கு மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டவிடாமல் தடுப்பது. குரூஸ் கன்ட்ரோலோ உச்ச வரம்பு எதையும் விதிக்காமல், ஓட்டுநர் தேர்ந்த வேகத்தைக் காப்பது மட்டுமே. முன்னே லாரி நின்றாலும் மாடு குறுக்கிட்டாலும் பழைய கிட்டுக்குத் தெரியாது. ஆகவே பழைய கிட்டு ஒன்றை வாங்குபவர் அது வேகத்தை எவ்வளவு துல்லியமாகக் காக்கிறது என்று பார்ப்பதற்கு முன், காரை நிறுத்திவைத்து பிரேக் ஸ்விட்ச், காற்று வால்வு, கிளட்ச் ஸ்விட்ச் ஆகிய மூன்றையும் தனித்தனியே சோதிப்பதும், திராட்டில் தானாக முழுவதும் மூடிக்கொள்ளுமளவுக்கு மணிச்சங்கிலியில் தளர்வு இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்வதும் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அந்தக் கிட்டு சாலைக்கு உகந்ததன்று.