தூக்குவாளியும் கவரும்

1980கள் வரை கடைக்குப் போவதென்றால் ஏற்பாடு வீட்டிலேயே தொடங்கிவிடும். மளிகைக்குத் துணிப்பை, நல்லெண்ணெய்க்குச் சீசா, ஓட்டல் சாம்பாருக்குத் தூக்குவாளி. கடைக்காரர் பழைய செய்தித்தாளில் துவரம்பருப்பைக் கொட்டி மடிப்பார். தலைக்கு மேல் தொங்கும் கண்டிலிருந்து நூலை இழுத்து, பொட்டலத்தை இரண்டு சுற்றுச் சுற்றி வெடுக்கென்று அறுப்பார். அந்த நூலும் வீணாகாது; வீட்டில் பூக்கட்ட உதவும். கறிக்கடையில் தேக்கிலை, பூக்கடையில் வாழையிலை.

இன்று கடையிலேயே கவர் கிடைப்பதால் கைவீசிக்கொண்டு போகலாம். வேலைவிட்டுத் திரும்பும் பெண், பேருந்து நிறுத்தத்தருகிலேயே தக்காளியும் இட்லி மாவும் வாங்கிக்கொண்டு வீடு சேர முடிகிறது. இது சின்ன வசதியல்ல. மழையில் பொட்டலம் பிரிந்து தெருவில் சிதறிய பருப்பையும், அச்சுமை ஒட்டிய பஜ்ஜியையும் மறந்துவிட்டு அந்தக் காலத்தைப் புகழ்வது நியாயமாகாது.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்தது. சினிமாவில் பட்டிக்காட்டானின் அடையாளமாகக் கேலிக்குள்ளான பை, கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய்க்கு இயந்திரத்திலிருந்து விழத் தொடங்கியது.

பை திரும்பிவிட்டது, பழக்கந்தான் இன்னும் வரவில்லை. கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்த அன்றைய மஞ்சப்பை, மணமக்கள் பெயர் மங்கி, காது கிழிந்து, தைக்கப்பட்டு, கடைசியில் அடுப்படிக் கரித்துணியாகும்வரை உழைத்தது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வொன்று, புவி வெப்பமாதல் கணக்கில் பருத்திப் பை ஒன்றை 131 முறையாவது பயன்படுத்தினால்தான் அது மெல்லிய பிளாஸ்டிக் பையைவிட மேல் என்கிறது. அந்தப் பழைய பை இக்கணக்கைச் சுலபமாகத் தாண்டியிருக்கும். இன்றோ கதவுக்குப் பின்னால் கசங்காத துணிப்பைகள் கொத்தாகத் தொங்குகின்றன. கடை வாசலில்தான் அவற்றின் ஞாபகம் வருகிறது. உடனே இன்னொன்று வாங்குகிறோம்.

சாம்பார் மட்டும் இன்னும் பல கடைகளில் கவரில்தான், ரப்பர் பேண்டு போட்டு வருகிறது. தடை வந்த புதிதில், பாத்திரம் கொண்டுவந்தால் தள்ளுபடி என்று சில ஓட்டல்கள் அறிவித்தன. இப்போது தள்ளுபடிப் பேச்சைக் காணோம். ஆனால் தூக்குவாளியை நீட்டினால் பெரும்பாலும் மறுப்பதில்லை. பார்சல் கட்டுபவர் அதை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கவருக்கு ஊற்றுவதைவிட ஒரு கரண்டி கூடுதலாகவே ஊற்றுகிறார்.