மட்டையானவர் தூங்கவில்லை

“அவர் தினமும் குடிக்கிறவர் இல்லைங்க, சனிக்கிழமை மட்டும்தான்.” இப்படி நற்சான்று கொடுக்கும் குடும்பங்கள் தெருவுக்கு நாலு இருக்கும். ஆறு நாள் ஒழுங்காக வேலைக்குப் போகிறவர் ஏழாம் நாள் ஒரு குவார்ட்டர் போட்டால் என்ன கெட்டுவிடும் என்ற எண்ணம்தான்.

குவார்ட்டர் என்பது 180 மில்லி. பிராந்தியோ ரம்மோ, வழக்கமாக அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடை போட்டால் சுமார் 60 கிராம். ஒரே அமர்வில் 60 கிராம் உள்ளே போனாலே அது மிகைக்குடி என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம்மூரில் ‘அளவாகக் குடிப்பவர்’ என்று பெயர் வாங்கியவர், முதல் பாட்டிலிலேயே அந்தக் கோட்டைத் தொட்டுவிடுகிறார். அதன்மேல் ஒரு கட்டிங் வேறு. கல்லீரலோ சராசரியாக மணிக்கு ஏழெட்டு கிராம்தான் எரிக்கும். இரவு பத்து மணிக்குக் கடைசி மடக்கைக் குடித்தவர் காலை ஆறு மணிக்கு பைக்கை எடுக்கும்போதும் ரத்தத்தில் மிச்சம் இருக்கலாம்.

கள்ளக்குறிச்சியில் 2024இல் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது பதறினோம். முத்திரை ஒட்டிய பாட்டிலாலும் ஒரே ராத்திரியில் ஆள் போகலாம் என்பதற்கு அந்தப் பதற்றம் இல்லை. “மட்டையாயிட்டான், விடு, காலையில தெளிஞ்சிடும்” என்று மல்லாக்கக் கிடத்திவிட்டுப் போகிறோம். ஆள் சரிந்த பிறகும் வயிற்றில் கிடக்கும் சரக்கு ரத்தத்தில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். மூச்சை நடத்தும் மூளைப்பகுதி மந்தமாகும். வாந்தி வந்தால் இருமித் துப்பும் அனிச்சைச் செயலும் மழுங்கியிருக்கும். மல்லாந்து கிடப்பவரின் வாந்தி நேரே நுரையீரலுக்குள் இறங்கலாம். வெறும் வயிற்றில் குடித்தவருக்கு ரத்தச் சர்க்கரை சரிந்து வலிப்பு வரலாம். கீழே விழுந்து மண்டைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தாலும், குறட்டை என்றே நினைத்துக்கொள்வார்கள்.

மோர், எலுமிச்சை, கறுப்புக் காபி, தலையில் ஒரு குடம் தண்ணீர் இவை எதுவும் ரத்தத்திலுள்ள ஆல்கஹாலைக் குறைக்காது. எலுமிச்சைக்கு அந்தச் சக்தி இருந்தால் போக்குவரத்து போலீஸாரின் ஊதும் கருவிக்கு வேலையே இருந்திருக்காது. அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் உப்புத்தண்ணீரை ஊற்றுவது அதைவிட மோசம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்திலேயே ஒருவர் இருக்க வேண்டும். உலுக்கியும் எழவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது, உடம்பு சில்லிட்டிருக்கிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால், 108தான்.

இளவயதுக்காரர் தப்பிவிடுவார் என்பதும் இல்லை. வார இறுதியில் மிதமிஞ்சிக் குடித்துவிட்டு இதயத்துடிப்பு தாறுமாறாகி வந்தவர்களைக் கவனித்த அமெரிக்க மருத்துவர்கள், 1978இல் அதற்கு ‘விடுமுறை இதயம்’ என்றே பெயர் வைத்தார்கள். பண்டிகைக்கு மறுநாள் மேல்வயிற்றில் ஆரம்பித்து முதுகுக்குப் பாயும் வலியை ‘கேஸ்’ என்று சொல்லிச் சோடா குடிப்பவர்களில் சிலருக்குக் கணையம் வெந்துபோயிருக்கும்.

இவ்வளவும் ஆகி ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்கே மானப் பிரச்னை. “கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கலை டாக்டர்” என்பார்கள். மூச்சை மேலும் அடக்கும் தூக்க மருந்தைத் தரலாமா, தலைக்கு ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று டாக்டர் முடிவு செய்ய வேண்டிய நேரம் அது. என்ன குடித்தார், எவ்வளவு, எத்தனை மணிக்கு, விழுந்தாரா என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.