கல்யாண மண்டபத்துக்கு ஏற்ற டீஜே யந்திரம் எது?

ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குச் செல்லும் சாலையில் முகூர்த்த மாதத்தின் மாலை வேளைகளில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு, மின்விளக்குச் சரங்களைத் தொங்கவிட்டுக்கொண்டு இரு மருங்கிலும் நிற்கும் கல்யாண மண்டபங்களில் எதிலிருந்து எந்தப் பாட்டு வருகிறது என்று பிரித்தறிவது எளிதான காரியமன்று. ஒரு தலைமுறைக்கு முன்னால் இந்த வட்டாரத்தில் கல்யாண சங்கீதம் என்றால் முன்வரிசையில் நாதஸ்வரமும், அதற்குப் பின் மைக் செட்டுக்காரர் சுழலவிடும் இசைத்தட்டும்தான். தென்னை மரத்தில் கட்டிய புனல் ஒலிபெருக்கியும், டில்லி அகூஜா கம்பெனியின் ஆம்ப்ளிபயரும் அந்தக் காலத்து சவுண்டு சர்வீஸின் பிரதான ஆஸ்தி. பிறகு காசெட் வந்தது, சி.டி. வந்தது, லாப்டாப்பும் அதனுடன் இணைக்கும் கண்ட்ரோலரும் வந்தன. இப்போது அம்பத்தூர், திருமுல்லைவாயில், கரையான்சாவடிப் பக்கத்து வரவேற்பு மேடைகளில் லாப்டாப்பே இல்லாமல், பென்டிரைவைச் செருகியதும் தானே இயங்கும் ஒற்றைப் பெட்டி வந்து அமர்ந்திருக்கிறது. இரண்டு பிளேயர், நடுவில் மிக்சர், மேலே தொடுதிரை, இரு கைகளுக்கும் இரண்டு வட்டத் தட்டுகள் ஆகிய எல்லாம் ஒரே உடலில் அமைந்த இந்தச் சாதனத்தைத் தயாரிப்பதில் இரண்டு பெரிய ஸ்தாபனங்கள் போட்டியிடுகின்றன. எதை வாங்குவது என்று கடன் வாங்கத் துணிந்து நிற்கும் இளைஞர்களும் இந்தப் பகுதியில் குறைவல்லர்.

போட்டியின் பூர்வ கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜப்பானிய பயனியர் கம்பெனி 1994-ல் சி.டி.ஜே. 500 என்ற பிளேயரையும், 2001-ல் சி.டி.ஜே. 1000 என்பதையும் வெளியிட்டது முதல், உலகத்து நடன அரங்குகளில் அதன் சாதனமே சம்பிரதாயமாகிவிட்டது. ஆனால் இரண்டு பிளேயரும் ஒரு மிக்சரும் தனித்தனியே வாங்குவது தனவந்தருக்கே சாத்தியம் என்பதால், அவற்றை ஒன்றாக்கிய பெட்டிகளை அந்தக் கம்பெனியே 2012-லிருந்து விற்கத் தொடங்கியது. 2015-ல் வந்த எக்ஸ்.டி.ஜே. ஆர்.எக்ஸ்., 2017-ல் அதன் இரண்டாம் பதிப்பு, 2021-ல் 10.1 அங்குலத் தொடுதிரையுடன் ஆர்.எக்ஸ். 3 என்று அந்த வம்சம் வளர்ந்தது. இதற்கிடையில் 2019-ன் தொடக்கத்தில் டெனான் டி.ஜே. என்ற பெயரில் அமெரிக்க இன்மியூசிக் ஸ்தாபனம் அறிவித்த பிரைம் 4, நான்கு பாட்டுகளை ஒரே சமயத்தில் ஏற்றிக் கலக்கும் வசதியோடு வந்து, எதிர்க்கடைக்காரரை விழித்தெழச் செய்தது. அந்த வருஷக் கடைசியில் பயனியர் தரப்பு விடையாக அனுப்பிய எக்ஸ்.இஸட். பெட்டியின் மிக்சரில் நான்கு வழிகள் இருந்தும், பென்டிரைவிலிருந்து வாசிக்கும்போது இரண்டு பாட்டுகளுக்குத்தான் இடம் என்பது பலருக்கு ஏமாற்றமாகவே இருந்தது. அந்தக் குறை 2023-ல் ஓபஸ் குவாட் வந்த பிறகும், 2024-ல் ஏ.இஸட். வந்த பிறகுமே தீர்ந்தது. பயனியரின் டீஜே பிரிவு 2015-ல் தாய்க் கம்பெனியிலிருந்து பிரிந்து, 2020 முதல் ஆல்பாதீட்டா என்ற பெயரில் நடக்கிறது என்பதையும் வாசகர் தெரிந்துகொள்வது நலம். புதிய பெட்டிகளில் பழைய பெயரைத் தேடிக் குழம்ப வேண்டாம்.

நான்கு பாட்டுகளை ஒருங்கே கலக்கும் சாமர்த்தியம் நம் வரவேற்பு மேடைக்கு அத்தியாவசியமா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்பதே என் அபிப்பிராயம். மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையேறும்போது ஒரு பாட்டு, பரிசுப் பொட்டலங்களோடு வரிசையில் நிற்போருக்கு மெல்லிய வாத்திய இசை, ஒன்பது மணிக்கு மேல் நண்பர் கூட்டத்தின் ஆட்டத்துக்குக் குத்துப்பாட்டு என்று போகும் நிகழ்ச்சியில் இரண்டு வழிகள் தாராளமாகப் போதும். விளம்பரத் தாளில் எண்ணிக்கை பெரிதாக இருப்பதைக் கண்டு மயங்குகிறவர்கள், அதற்காகக் கொடுக்கும் அதிகப் பணத்தில் நல்லதொரு மைக்கும் யு.பி.எஸ்.ஸும் வாங்கலாம்.

யந்திரங்களின் புத்தி உண்மையில் சோதிக்கப்படுவது தாளத்தில்தான். ஒரு பாட்டின் வேகத்தைத் தானே கணக்கிட்டு, அடுத்த பாட்டை அதோடு இணைத்து ஓடவிடும் வித்தை இரு கட்சியாரிடமும் உண்டு. மேல்நாட்டு நடன இசையில், ஒழுங்கான நாலு எண்ணிக்கையில், அது பிசகின்றி நடக்கிறது. ஆனால் வடபழனி, சாலிகிராமம் ஸ்டூடியோக்களில் நாற்பது ஐம்பது வாத்தியக்காரர்கள் ஒருங்கே அமர்ந்து வாசித்துப் பதிவான எழுபது, எண்பதுகளின் பாட்டுகளில் தாளம் மூச்சு விடுகிறது. பல்லவியில் ஒரு வேகமும் சரணம் முடியும் இடத்தில் ஒரு நூல் அதிக வேகமும் இருப்பது அங்கே குற்றமாகாது, அழகாகும். கணக்குப் போடும் பெட்டியோ அதைப் பிழையென்றே கருதித் தடுமாறுகிறது. அதிலும் நம் ஜனங்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஆடுவது திஸ்ர கதியில் அமைந்த குத்துப்பாட்டுக்கு. எல்லாவற்றையும் நாலாகவே எண்ணப் பழகிய யந்திரம் ஆறு எண்ணிக்கையைக் கண்டால், வேகத்தை ஒன்றரை மடங்காகவோ வேறு விகிதத்திலோ காட்டிவிடுகிறது. பயனியர் தரப்பின் ரெக்கார்ட்பாக்ஸ் என்ற கணினிச் செயலியில், தாளக் கோடுகளைப் பாட்டின் போக்குக்கு ஏற்ப வளைத்துக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. அதைக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்து பாட்டுகளைச் செப்பனிட்டு வருகிறவர் பிழைப்பார். மற்றபடி தட்டைக் கையால் தள்ளியும் இழுத்தும் காதால் சேர்ப்பதே கதி. அந்தக் கைப்பழக்கம் இல்லாதவருக்கு எந்தக் கம்பெனிப் பெட்டியும் துணை வராது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் செய்யும் இந்த ஆயத்தத்திலேயே இரு கட்சிகளின் கொள்கை பிரிகிறது. பயனியர் வம்சம், பாட்டுகளைக் கணினியில் ரெக்கார்ட்பாக்ஸ் மூலம் ஆராய்ந்து பென்டிரைவில் ஏற்றி வருகிற நிதானமான மனிதரை எதிர்பார்க்கிறது. ஆயத்தமில்லாத பென்டிரைவையும் வாசிக்கும் என்றாலும், குறித்து வைத்த இடங்களும் வரிசைப்படுத்திய பட்டியல்களும் அதில் இருக்கமாட்டா. டெனான் பெட்டியோ பாட்டைத் தானே மேடையில் ஆராய்ந்துகொள்கிறது. அன்றியும் அதன் அடிவயிற்றில் 2.5 அங்குல ஹார்டு டிஸ்க் ஒன்றைப் பொருத்தி, தியாகராஜ பாகவதர் காலத்திலிருந்து நேற்று வெளியான படம் வரை அனைத்தையும் நிரந்தரமாகக் குடியேற்றலாம். மணப்பெண்ணின் சித்தப்பா மகன் ஓடிவந்து, "அண்ணா, இந்தப் பென்டிரைவுல இருக்கற பாட்டைக் கொஞ்சம் போடுங்க, அக்கா என்ட்ரிக்கு இதுதான்" என்று நீட்டுவது தினசரிச் சம்பவமாக உள்ள நம் மண்டபங்களில் இந்தக் குணம் பெரிய உபகாரம். ரெக்கார்ட்பாக்ஸில் தயாரித்த பென்டிரைவையும் டெனான் வாசித்துக்கொள்கிறது. எதிர்த்தரப்பு அந்தப் பெருந்தன்மையைக் காட்டுவதில்லை. போதாக்குறைக்கு ஓபஸ் குவாட் முதலிய புதிய பெட்டிகள் வேறொரு நூலக முறைக்கு மாறிவிட்டபடியால், பழைய பெட்டிக்குத் தயாரித்த பென்டிரைவைப் புதியதற்கென்று மறுபடி ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசாமல் இருப்பது விசித்திரந்தான்.

இரண்டு தளமுள்ள மண்டபங்களில் மேலே ஆட்டமும் கீழே பந்தியும் ஏககாலத்தில் நடக்கும். சாம்பார் பரிமாறும் இடத்தில் குத்துப்பாட்டின் இடி வேண்டியதில்லை. அங்கே தனியே ஒரு நாதஸ்வர ஒலிப்பதிவு மெதுவாக ஓடினால் போதும். பிரைம் 4-ல் உள்ள ஸோன் அவுட்புட் என்ற தனி வழி இதற்கென்றே செய்தது போல் இருக்கிறது. ஓபஸ் குவாட்டிலும் அது உண்டு. ஆர்.எக்ஸ். 3-ல் அந்த வழி இல்லை.

இனி மின்சாரம். லாப்டாப்புக்குச் சொந்த பேட்டரி உண்டு. இந்த ஒற்றைப் பெட்டிகளில் பெரியவை எவற்றுக்கும் கிடையாது. கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும் அந்தப் பத்து விநாடியில் பெட்டி அணைந்து, மறுபடி உயிர் பெற்று, பென்டிரைவைப் படித்துத் தயாராவதற்குள் மேடையின் உற்சாகம் வடிந்துவிடும். ஆகவே சிறிய யு.பி.எஸ். ஒன்றை யந்திரத்தின் அங்கமாகவே பாவிக்க வேண்டும். பேட்டரியோடு பிறந்தவை சிறிய பெட்டிகளே: டெனானின் பிரைம் கோ (2020) சுமார் நான்கு மணி நேரமும், ஆல்பாதீட்டாவின் ஓம்னிஸ் டுவோ (2024) ஐந்து மணி நேரம் வரையும் தாக்குப்பிடிக்கும் என்று கம்பெனிகள் சொல்கின்றன. ஆடி மாதத்தில் திருவேற்காட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் கூழ் வார்க்கும் பந்தலுக்கும், மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தில் டாடா ஏஸ் வண்டியின் பின்புறத்துக்கும் அவை பொருந்தும். பாரமும் கவனிக்கத் தக்கது: ஆர்.எக்ஸ். 3 சுமார் 9.3 கிலோ, பிரைம் 4 சுமார் 9.8, எக்ஸ்.இஸட். 13. லிப்ட் இல்லாத மண்டபத்தின் படியில் அந்த மூன்று கிலோ வித்தியாசம் இடுப்பில் தெரியும்.

எவ்வளவு பெரிய யந்திரமானாலும் இரவு பத்து மணிக்கு மேல் அதற்கு அதிகாரமில்லை. 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. மூடிய அரங்குக்கு விதியில் விலக்கு உண்டென்று வாதிக்கலாம். ஆனால் ஜன்னலைத் திறந்து வைத்த மண்டபம் மூடிய அரங்கு ஆகாது.

இனி தீர்ப்பு. சொந்தமாக ஸ்பீக்கரும் வண்டியும் வைத்துக்கொண்டு மண்டபம் மண்டபமாகப் போகும் சவுண்டு சர்வீஸ்காரருக்கு பிரைம் 4 தான் உசிதம். ஹார்டு டிஸ்க், தானே ஆராயும் குணம், பந்திக்கான தனி வழி ஆகிய மூன்றும் அவருடைய தொழிலுக்கென்றே அமைந்தவை. பிறர் அமைத்த மேடையில், ஹோட்டல்களிலும் கல்லூரி விழாக்களிலும் பென்டிரைவை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய் வாசிக்க ஆசைப்படும் இளைஞர், அங்கெல்லாம் காத்திருப்பது பயனியர் சாதனமே ஆகையால், ஆர்.எக்ஸ். 3-ல் கைபழகுவது நல்லது. கையிருப்பு குறைந்தவருக்கு, ஸ்பீக்கரைத் தன்னுள்ளேயே கொண்ட நியூமார்க் மிக்ஸ்ஸ்ட்ரீம் ப்ரோ வீட்டுச் சாதகத்துக்கு உதவும். முந்நூறு பேர் கூடும் மண்டபத்துக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். எதை விரும்பினாலும், தவணைக் காகிதத்தில் கையெழுத்திடுமுன் அதே பெட்டியை ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, சொந்தப் பென்டிரைவைச் செருகி, ஜெனரேட்டர் வைத்துள்ள மண்டபம் ஒன்றில் நான்கு குத்துப்பாட்டு வாசித்துப் பாருங்கள். அதற்குப் பிறகு முன்பணம் கொடுங்கள்.