வாக்குச் சீட்டால் நின்ற அணு உலை

கலிபோர்னியாவின் தலைநகரான சாக்ரமெண்டோவுக்குத் தென்கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில், மேய்ச்சல் வெளிக்கு நடுவே 130 மீட்டர் உயரக் குளிர்விப்புக் கோபுரங்கள் இரண்டு நிற்கின்றன. ராஞ்சோ செக்கோ அணுமின் நிலையம் இருந்த இடம் அது. 1975இல் அது ஓடத் தொடங்கியபோது அதன் திறன் 913 மெகாவாட். நகரத்தின் மின் தேவையில் பெரும் பங்கை ஒரே உலையை நம்பி விட்டிருந்தார்கள்.

அந்த உலை அடிக்கடி பழுதாகி நின்றது. 1985 டிசம்பர் 26 அன்று கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு மின்சாரம் தடைபட்டு, உலை ஆபத்தான வேகத்தில் குளிர்ந்துபோனது. அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒரு யூனிட்கூட அங்கிருந்து வரவில்லை. மின்கட்டணமோ ஏறிக்கொண்டே போனது.

வேறு ஊராக இருந்தால் மக்கள் புலம்பியிருப்பார்கள். அதற்கு மேல் ஒன்றும் நடந்திருக்காது. சாக்ரமெண்டோவில் மின்வாரியம் மக்களுடையது. 'ஸ்மட்' என்று ஊர்க்காரர்கள் சுருக்கி அழைக்கும் அந்த வாரியத்தை 1923இல் வாக்களித்து உருவாக்கியவர்கள் அவர்கள்தான். தனியார் நிறுவனத்தோடு நெடுங்காலம் வழக்காடி, 1946ஆம் ஆண்டின் கடைசி நாளில்தான் மின் விநியோகத்தைக் கையில் வாங்கினார்கள். அதன் இயக்குநர்களையும் தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே அணு உலை வேண்டுமா என்ற கேள்வியும் அவர்களிடமே வந்தது. 1988இல் உலைக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்கள். 1989 ஜூன் 6 அன்று மறுபடியும் வாக்களித்து, வேண்டாம் என்றார்கள். மறுநாளே உலை நின்றது. அமெரிக்காவில் மக்கள் வாக்கெடுப்பால் மூடப்பட்ட முதல் அணுமின் நிலையம் இதுதான்.

மூடியது துணிச்சல்தான். ஆனால் இழந்த மின்சாரத்தை எங்கிருந்து கொண்டுவருவது? பக்கத்து நிறுவனங்களிடம் விலைக்கு வாங்கிச் சமாளித்த அந்த நேரத்தில், 1990இல், பொது மேலாளராக வந்தவர் டேவிட் ஃப்ரீமன். டென்னசியில் குடை பழுதுபார்ப்பவரின் மகனாகப் பிறந்து, டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் தலைவராக உயர்ந்தவர். சிக்கனத்தையும் ஒரு மின்நிலையமாகக் கருதிக் கட்டுவோம் என்பது அவருடைய கொள்கை. உற்பத்தி செய்த யூனிட்டுக்கு எவ்வளவு மதிப்போ, அவ்வளவு மதிப்பு மிச்சப்படுத்திய யூனிட்டுக்கும் உண்டு. மிச்சத்துக்கு எரிபொருளும் வேண்டாம், புகைபோக்கியும் வேண்டாம். மின்சாரத்தை விழுங்கும் பழைய குளிர்சாதனப் பெட்டிகளை வீடுகளிலிருந்து அப்புறப்படுத்த வாரியமே பணம் கொடுத்தது.

அவர் காலத்து வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது மரம் நடும் திட்டம். சாக்ரமெண்டோவின் கோடை 38 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். மேற்கு வெயில் சுவரில் ஏறிவிட்டால் வீடு என்னவாகும் என்பது நமக்கும் தெரியும். அந்த நேரத்தில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும். அந்தச் சில மணி நேரத் தேவைக்காகவே புதிய மின்நிலையம் கட்ட வேண்டிவரும். அதற்குப் பதிலாக, சாக்ரமெண்டோ மர அறக்கட்டளையோடு சேர்ந்து, நிழல்தரும் கன்றுகளை வாரியம் இலவசமாகக் கொடுத்தது. வீட்டின் எந்தப் பக்கத்தில் நட்டால் பிற்பகல் வெயில் தடுக்கப்படும் என்பதையும் சொல்லித்தந்தது. குளிர்காலத்தில் இலையுதிர்க்கும் வகைகளாக இருந்தால், வேண்டிய வெயிலும் உள்ளே வரும். 1990 முதல் இன்றுவரை இப்படிக் கொடுத்த கன்றுகள் 6 லட்சத்துக்கு மேல். மின்வாரியத்தின் வேலை கம்பியும் கம்பமும் மட்டும்தான் என்று நினைக்கும் எவரும் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

சூரிய மின்சாரத்தில் வாரியம் முன்பே கால் வைத்திருந்தது. 1984இலேயே, உலை ஓடிக்கொண்டிருந்தபோதே, அந்தக் கோபுரங்களின் அடியில் ஒரு மெகாவாட் சூரியத் தகடுகளை நிறுவியிருந்தார்கள். 1993இல் வீட்டுக் கூரைகளைக் கேட்டார்கள்: தகடுகள் வாரியத்துடையவை, கூரையைக் கொடுத்தவர் மாதம் சில டாலர் கூடுதலாகவும் கட்ட வேண்டும். அதற்கும் விரும்பி முன்வந்தார்கள் மக்கள். 2021இல் அதே ராஞ்சோ செக்கோ நிலத்தில் 160 மெகாவாட் சூரியப் பூங்கா ஓடத் தொடங்கியது. மான்டெசுமா குன்றுகளில் வாரியத்தின் காற்றாலைகள் சுழல்கின்றன. சியரா மலை நீர்மின்சாரம் பழைய துணை.

அன்று 'மின்சாரத்தைக் குறை' என்றார்கள். இன்று வாரியம் அதை மட்டும் சொல்வதில்லை. எரிவாயு அடுப்பையும் வெந்நீர்க் கொதிகலனையும் விட்டு மின்சாரத்துக்கு மாறுங்கள் என்கிறது. சேமிப்பை யூனிட்டில் அளந்த காலம் போய், தவிர்த்த கரியமில வாயுவில் அளக்கிறார்கள். எப்போது பயன்படுத்துகிறோம் என்பதும் முக்கியமாகிவிட்டது. வார நாட்களில் மாலை 5 முதல் 8 வரை கட்டணம் கூடுதல். சூரியன் சாயும், ஏசிகள் அடங்காத அந்த மூன்று மணி நேரம்தான் இன்றைய உண்மையான சோதனை. 2022 செப்டம்பர் 6 அன்று நகரில் வெப்பம் 46 டிகிரியைத் தாண்டியபோது அந்தச் சோதனை உச்சத்துக்குப் போனது.

பாதை நேராக வந்துவிடவில்லை. அணு உலையின் இடத்தை நிரப்பக் கணிசமாக உதவியது இயற்கை எரிவாயுதான். 1990களில் ஆலைகளை ஒட்டி, மின்சாரத்தோடு நீராவியும் தரும் நிலையங்கள் வந்தன. 2006இல் ராஞ்சோ செக்கோவுக்கு அருகிலேயே 500 மெகாவாட் அளவிலான எரிவாயு நிலையம் வந்தது. கூரைத் தகடு வைத்தவர்களுக்கும் மனக்குறை உண்டு. புதிதாக இணைவோர் தரும் உபரி மின்சாரத்துக்கு 2022 முதல் யூனிட்டுக்கு 7.4 சென்ட் என்று வாரியம் குறைத்துவிட்டது. நண்பகலில் சூரிய மின்சாரம் வழிகிறது என்ற வாரியத்தின் வாதம் சரிதான். ஆனால் கூரை கொடுத்து இந்த மாற்றத்தைத் தொடங்கிவைத்த ஊரில், வீட்டு பேட்டரிக்கு இன்னும் தாராளமாக உதவியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

2021 ஏப்ரலில் இயக்குநர் குழு ஒரு வாக்குறுதி கொடுத்தது: 2030க்குள் வாரியத்தின் மின்சாரம் முழுவதும் கரியமில வாயு இல்லாமல் வர வேண்டும். கலிபோர்னியா மாநிலச் சட்டம் வைத்திருக்கும் கெடு 2045. பதினைந்து ஆண்டு முந்திக்கொள்ளத் துணிந்ததற்காக வாரியத்தைப் பாராட்டலாம். ஆனால் எரிவாயு நிலையங்கள் நிற்கும்வரை வேலை முடிந்ததாகாது. உலையை நிறுத்திய அதே வாக்காளர்கள்தான் இந்தக் குழுவின் ஏழு இயக்குநர்களையும் தேர்ந்தெடுக்கிறார்கள். வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் இந்தக் கணக்கை அவர்கள் விடாமல் கேட்க வேண்டும்.