உங்களுக்குத் தெரியுமா? குடியேறினால் ஊர் வசமாகுமா?

ஒத்த கருத்துள்ளவர்கள் ஒரே இடத்தில் குடியேறி அரசியலை மாற்றும் எண்ணம் அமெரிக்காவில் பேச்சோடு நிற்கவில்லை. அரசின் கை சுருங்க வேண்டும் என்போர் 2001இல் தொடங்கிய ‘ஃப்ரீ ஸ்டேட் புராஜெக்ட்’, 2003இல் வாக்கெடுத்து நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தைத் தேர்ந்தது. குடிபெயர உறுதியளித்தோர் எண்ணிக்கை 2016இல் 20,000ஐ எட்டியது. உண்மையில் வந்தவர்கள் அதைவிட மிகக் குறைவு. ஆனாலும் கணக்கு கெட்டிக்காரத்தனமானது: சுமார் 14 லட்சம் பேர் வாழும் மாநிலத்தில் கீழவைக்கு 400 இடங்கள். சில ஆயிரம் வாக்குகளில் உறுப்பினராகிவிடலாம், பலர் ஆனார்கள்.

இடம் கிடைப்பது வேறு, ஊரின் சம்மதம் வேறு. அதே மாநிலத்தின் குரோய்டன் என்ற சிற்றூரில் 2022 மார்ச்சில் நடந்த ஊர்க்கூட்டத்தில், இந்த இயக்கத்தவர் ஒருவர் முன்மொழிய, பள்ளிக்கான 17 லட்சம் டாலர் நிதி 8 லட்சமாக வெட்டப்பட்டது. ஆதரவு 20, எதிர்ப்பு 14. வந்தவர்களும் குடிமக்கள்தானே, வாக்களித்தது தவறா என்று கேட்கலாம். தவறே இல்லை, கூட்டத்துக்கு வராத பழைய ஊர்க்காரர்களுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் சிலர் மட்டும் கூடிய நாளின் முடிவை ஊரின் விருப்பமாகக் கொள்வது நியாயமாகாது. அதைத் திருத்த, பதிவான வாக்காளர்களில் குறைந்தது பாதிப் பேர் வந்து வாக்களிக்க வேண்டும் என்றது சட்டம். பெற்றோரும் மற்றவர்களும் வீடு வீடாகப் போனார்கள். மே மாதம் 377க்கு 2 என்ற வாக்கில் பள்ளியின் பணம் திரும்பியது.