மண்டப இருட்டும் சின்ன லென்ஸும்

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில் உள்ளது திருவெறும்பூர். அங்கே சிறு குன்று ஒன்றின்மேல் எறும்பீசுவரர் கோயில் இருக்கிறது. தேவர்கள் எறும்பு வடிவெடுத்து வழிபட்ட இடம் என்று தலபுராணம் கூறும். நமக்கு இங்கே வேண்டியது வேறு செய்தி. சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ள இக்கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வெளியே பாறையில் வெயில் கண்ணைக் கூசச் செய்யும். மண்டபத்துக்குள் காலடி வைத்தால் தூண்கள்கூடச் சரியாகத் தெரியாது. கண் பழகச் சில நிமிடங்கள் ஆகும்.

உச்சி வெயிலில் ஒளியின் அளவு சுமார் ஒரு லட்சம் லக்ஸ். இத்தகைய மண்டபங்களின் உட்பகுதியில் அது நூறு லக்ஸுக்கும் கீழே இறங்கிவிடுவது சாதாரணம். கண் இதைச் சமாளித்துக்கொள்ளும். காமிரா என்ன செய்யும்?

முக்காலியில் காமிராவைப் பொருத்தி, நெடுநேரம் ஒளியை உள்ளே விடலாம். ஆனால் பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் முக்காலி வைக்க முன் அனுமதி பெற வேண்டும். பிளாஷ் விளக்கைப் பயன்படுத்தினால் ஒளி நேர் எதிரே சென்று விழும். நிழல் இல்லாமல் சிற்பமும் எழுத்தும் தட்டையாகிவிடும். எனவே படம் எடுக்க அனுமதியுள்ள இடத்திலும், கையில் பிடித்த காமிராவை வைத்துக்கொண்டு, இருக்கிற ஒளியிலேயே எடுத்தாக வேண்டும். இந்த நிலையில்தான் ஒரு சின்ன லென்ஸ் கைகொடுக்கிறது. அதன் விளிம்பில் ‘35 மி.மீ., எஃப்/2’ என்று பொறித்திருக்கும்.

முதல் எண் குவியத் தூரம். இரண்டாவது எண்ணைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது ஒரு வகுத்தல் கணக்கு: குவியத் தூரத்தை 2 ஆல் வகுத்தால் லென்ஸின் துளையின் விட்டம் வரும். அதாவது 17.5 மி.மீ. சாதாரண ஜூம் லென்ஸ் ஒன்று அதே 35 மி.மீ. நிலையில் எஃப்/5.6 வரைதான் திறக்கும் என்று கொள்வோம். அதன் துளை 6.25 மி.மீ. விட்டம் 2.8 மடங்கு வேறுபடுகிறது. பரப்போ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே சின்ன லென்ஸில் புகும் ஒளி ஏறக்குறைய 8 மடங்கு.

காமிராவில் 1.4, 2, 2.8, 4, 5.6, 8 என்ற விசித்திரமான வரிசை எப்படி வந்தது என்பதும் இப்போது விளங்கும். ஒவ்வோர் எண்ணும் முந்தியதைப் போல √2 மடங்கு. ஒரு படி ஏறினால் ஒளி சரிபாதியாகும்.

மண்டபத்தில் 75 லக்ஸ் ஒளி இருப்பதாகவும், காமிராவின் உணர்திறனை 800 என வைத்திருப்பதாகவும் கொள்வோம். எஃப்/2 லென்ஸுக்கு 1/60 விநாடி போதும். எஃப்/5.6 லென்ஸுக்கு 1/8 விநாடி வேண்டும். 35 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுக்க 1/35 விநாடிக்குக் குறையாத வேகம் தேவை என்பது படக்காரர்களின் பழைய விதி. 1/8 விநாடியில் கை நடுக்கம் படத்தில் ஏறிவிடும். குறைந்த நேரத்தில் வேலையை முடிப்பதால்தான் இதனை ‘வேகமான லென்ஸ்’ என்கிறார்கள். குவியத் தூரம் மாறாத லென்ஸுக்குப் பிரைம் லென்ஸ் என்று பெயர்.

இக்காலக் காமிராக்கள் பலவற்றில் கை நடுக்கத்தை ஈடுசெய்யும் அமைப்பு உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அது கையின் அசைவைத்தான் ஈடுசெய்யும். தூணருகே நடந்து செல்லும் பாட்டியின் அசைவை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

உணர்திறனை 6400 ஆக உயர்த்தினால் என்ன? மழை பெய்யும்போது முற்றத்தில் பத்துத் தம்ளர்களை வைத்துப் பாருங்கள். சிறு தூறலில் ஒன்றில் மூன்று துளி விழும், பக்கத்தில் ஏழு விழும். பெருமழையில் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவாக நிரம்பும். ஒளியும் போட்டான்கள் என்னும் துளிகளாகத்தான் உணரியில் விழுகிறது. சராசரி N துளிகள் என்றால் ஏற்றத்தாழ்வு √N. ஒளி 8 மடங்கு குறைந்தால், ஏற்றத்தாழ்வின் விகிதம் √8, அதாவது 2.8 மடங்கு கூடும். படத்தில் மணல் தூவியதுபோலத் தெரியும் புள்ளிகளுக்கு இது முக்கியக் காரணம். தேய்ந்த கல்வெட்டு எழுத்தில் அந்தப் புள்ளி எது, உளியின் தடம் எது என்று பிரிப்பது கடினம்.

இருட்டோடு இந்தப் போராட்டம் நம் ஊரில் புதிதன்று. லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய அதிகாரி, சென்னை மாகாண அரசின் படக்காரராக, ஸ்ரீரங்கத்தையும் திருச்சிராப்பள்ளியையும் படமெடுத்தார். அவை 1858இல் தொகுப்புகளாக வெளிவந்தன. அவர் பயன்படுத்தியவை பெரிய காகித நெகட்டிவ்கள். அத்தகைய நெகட்டிவ்களுக்கு வெயிலிலேயே நிமிடக் கணக்கில் ஒளி காட்ட வேண்டும். அதற்கு முன்பே, 1840இல், வியன்னாவில் யோசப் பெட்ஸ்வால் என்ற கணிதப் பேராசிரியர் எஃப்/3.6 அளவுக்குத் திறக்கும் லென்ஸைக் கணக்கிட்டு வடிவமைத்திருந்தார். ஆனால் அது மனித முகங்களுக்கு ஏற்றது. படத்தின் ஓரங்களில் கூர்மை போய்விடும். கோபுரத்தையும் மதிலையும் எடுப்பவருக்கு அது உதவாது.

துளையைப் பெரிதாக்கினால் ஓரக் கூர்மை ஏன் கெடுகிறது? கோள வடிவப் பரப்புள்ள லென்ஸின் நடுவே புகும் கதிர்களும் ஓரத்தில் புகும் கதிர்களும் ஒரே புள்ளியில் குவிவதில்லை. இக்கோளப் பிறழ்ச்சியால் விழும் மங்கல் வட்டம் துளை விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பப் பெருகும். துளையை இரட்டித்தால் மங்கல் 8 மடங்கு! இது அச்சிலேயே நேரும் குறை. ஓரத்தில் வேறு பிறழ்ச்சிகளும் சேர்ந்துகொள்ளும். இவற்றை அடக்கப் பல கண்ணாடிகளைச் சேர்க்க வேண்டும். 1896இல் பால் ருடால்ஃப் வடிவமைத்த பிளானார் லென்ஸில் ஆறு கண்ணாடிகள், காற்றைத் தொடும் எட்டுப் பரப்புகள். ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பியனுப்பும். எட்டிலுமாகச் சேர்ந்து 28 சதவீதம் போயிற்று. 1935இல் ஸ்மாகுலா கண்டறிந்த மெல்லிய பூச்சு வந்த பிறகே இந்த இழப்பு குறைந்தது. இன்றைய லென்ஸுகளில் கோளமல்லாத வளைவுள்ள கண்ணாடிகளும் சேர்கின்றன. ஜூம் லென்ஸில் ஒவ்வொரு குவியத் தூரத்திலும் பிறழ்ச்சிகளைத் திருத்தியாக வேண்டும்; பிரைம் லென்ஸில் ஒரே ஒரு தூரத்துக்குத் திருத்தினால் போதும். இதுவே அது சிறிதாக இருந்தும் பெரிதாகத் திறப்பதன் முதல் காரணம்.

இரண்டாவது காரணம் காமிராவில் இருக்கிறது. பழைய எஸ்.எல்.ஆர். காமிராவில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் இடையே ஒரு சாய்வான கண்ணாடி இருக்கும்; படம் எடுக்கும் கணத்தில் அது மேலே எழும்பும். அதற்கு இடம்விட, நிக்கான் காமிராவில் லென்ஸ் பொருத்தும் வளையம் பிலிமிலிருந்து 46.5 மி.மீ. தள்ளி இருந்தது. சாதாரண 35 மி.மீ. லென்ஸ் 35 மி.மீ. தொலைவில் நின்றால்தான் தொலைவிலுள்ள பொருளைக் குவிக்கும். அவ்வளவு உள்ளே அது நுழைய முடியாது! எனவே முன்னால் ஒரு குழிலென்ஸை வைத்துக் கதிர்களை விரித்து, பின்னால் குவிக்கும் வழியைக் கையாண்டார்கள். 1950இல் பிரான்சில் ஆஞ்செனியூ இவ்வகை 35 மி.மீ. லென்ஸை வெளியிட்டார். அருமையான தந்திரம்தான்; ஆனால் லென்ஸ் நீண்டு பருத்துவிட்டது.

2008இல் பானாசோனிக் ஜி1 வந்தது முதல் கண்ணாடியில்லாத காமிராக்கள், அதாவது மிர்ரர்லெஸ் காமிராக்கள், பெருகின. நிக்கானின் இன்றைய மிர்ரர்லெஸ் காமிராவில் அந்த இடைவெளி 16 மி.மீ. மட்டுமே. லென்ஸ் உணரியை நெருங்கி நிற்கலாம். நேர்க்கோடுகள் சற்று வளைந்து விழுந்தாலும், காமிராவின் கணிப்பொறி அதை நிமிர்த்திவிடும் என்று நம்பி, ஒரு கண்ணாடியைக் குறைத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

அப்படியானால் எஃப்/1.2 இன்னும் நல்லதல்லவா? துளை 29 மி.மீ. ஆகும், கோளப் பிறழ்ச்சி எஃப்/2 லென்ஸைவிட நாலரை மடங்கு பெருகும், அதை அடக்கக் கண்ணாடியும் எடையும் விலையும் கூடும். தோளில் தொங்கவிட்டு நாள்தோறும் எடுத்துச் செல்ல எஃப்/2 போதும் என்பது என் கருத்து. தூணுக்கு அருகில் போக வேண்டுமானால் நடந்து போகலாம்; ஜூம் எதற்கு?

பெரிய துளைக்கு ஒரு விலையும் உண்டு. 36 × 24 மி.மீ. உணரியுள்ள காமிராவில், 35 மி.மீ. லென்ஸை 2 மீட்டருக்குக் குவித்தால், எஃப்/2 இல் தெளிவாக விழும் ஆழம் சுமார் 40 செ.மீ. தான். எஃப்/8 இல் அது 1.8 மீட்டர். சுவரின் கல்வெட்டை நேர் எதிரே நின்று எடுக்க 40 செ.மீ. தாராளம். சாய்வாக நின்று நீண்ட வரியை எடுத்தால், தொடக்கம் தெளிவாகவும் முடிவு மங்கலாகவும் இருக்கும்.

“எங்கள் வீட்டுக் கைப்பேசியில் 1.8 என்று போட்டிருக்கிறதே!” என்று வகுப்பில் மாணவர் எவரேனும் கேட்காமல் இருப்பதில்லை. எஃப் எண் சொல்வது உணரியின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் விழும் ஒளியை. மேற்சொன்ன காமிரா உணரியின் பரப்பு 864 ச.மி.மீ. பல கைப்பேசிகளில் அது 70ஐத் தாண்டாது. பெரிய பாத்திரமும் சின்னத் தம்ளரும் ஒரே மழையில்தான் நனைகின்றன. சேரும் தண்ணீர் வேறு.

பழைய பிலிம் காமிராவின் 50 மி.மீ., எஃப்/1.8 லென்ஸ் ஒன்று கிடைத்தால், கழற்றி, சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே கை நீளத்தில் பிடித்துப் பாருங்கள். சூரியனை நோக்கி மட்டும் பிடிக்காதீர்கள். முன்பக்கம் தெரியும் வெளிச்ச வட்டத்தை ஸ்கேலால் அளந்தால் ஏறக்குறைய 28 மி.மீ. இருக்கும். பெரும்பாலானவற்றில், வளையத்தை 4க்குத் திருப்பினால் உலோக இதழ்கள் நெருங்கி வட்டம் 12.5 மி.மீ. ஆகச் சுருங்குவதைப் பார்க்கலாம்.