குத்து விடுவது வீரர்... ஓட்டுப் போடுவது யார்? நெட்டுக்குப்பம் டு ஒலிம்பிக் - ஒரு தேர்தல் கணக்கு!

வடசென்னையையும் குத்துச்சண்டையையும் பிரிக்க முடியாது. ராயபுரம், காசிமேடு தொடங்கி எண்ணூர் வரை 'சார்பட்டா', 'இடியாப்ப நாயக்கர்' பரம்பரைகளின் கதைகளை இன்றும் கேட்கலாம். 2021-ல் பா.இரஞ்சித்தின் படம் வந்த பிறகு, அந்தப் பெயர்கள் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்துவிட்டன.

எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவர் குப்பமான நெட்டுக்குப்பத்திலிருந்து ஒரு சிறுமி குத்துச்சண்டைக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அதிகாலை ஓட்டம், நல்ல பயிற்சியாளர், சத்தான சாப்பாடு என எல்லாமே கிடைத்துவிடுகிறது. ஒலிம்பிக் போக இது போதுமா?

போதாது. அவள் முகத்தைக்கூடப் பார்த்திராத சிலர், எங்கோ ஒரு ஹாலில் உட்கார்ந்து போடும் ஓட்டும் ஒழுங்காக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, கடந்த சில ஆண்டுகளில் குத்துச்சண்டை பட்ட பாடே சாட்சி.

ஊர்க்கூட்டமும் உலகக்கூட்டமும்

சர்வதேச விளையாட்டு அமைப்புகளில் பெரும்பாலும் 'ஒரு நாடு, ஒரு ஓட்டு'தான். ஃபிஃபாவில் 211 உறுப்புச் சங்கங்கள். 140 கோடி மக்கள் வாழும் இந்தியாவுக்கும் ஒரு ஓட்டு, ஒரு குட்டித் தீவுக்கும் ஒரு ஓட்டு.

கடலோரக் குப்பங்களில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும். விசைப்படகு வைத்திருந்தாலும் கட்டுமரம் வைத்திருந்தாலும், ஊர்க்கூட்டத்தில் ஒரு குடும்பம் ஒரு தலைக்கட்டுதான். கல்யாணமாகாத இளைஞர்கள் கடலுக்குப் போவார்கள். ஆனால், தலைக்கட்டுக் கணக்கில் பெரும்பாலும் வரமாட்டார்கள். விளையாட்டு வீரர்களின் நிலையும் அதுதான். வியர்வை அவர்களுடையது, ஓட்டு சங்கத்துடையது.

மாவட்டச் சங்கங்கள் மாநிலச் சங்கத்தைத் தேர்ந்தெடுக்கும். மாநிலச் சங்கங்கள் தேசிய சம்மேளனத்தைத் தேர்ந்தெடுக்கும். தேசிய சம்மேளனங்கள் கூடி உலகத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும். நம் நெட்டுக்குப்பத்துச் சிறுமிக்கும் அந்த உலக ஓட்டுக்கும் நடுவில் இத்தனை படிகள்!

'ஒரு நாடு, ஒரு ஓட்டு' முறையில் சின்ன நாடுகளுக்கும் மரியாதை கிடைக்கிறது. சிக்கல் என்னவென்றால், பல சின்ன சங்கங்கள் உலக அமைப்பு தரும் நிதியை நம்பியே இருக்கின்றன. நிதியைப் பிரித்துக் கொடுக்கும் இடத்தில் இருப்பவரை எதிர்த்து ஓட்டுப் போட எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

வேட்பாளரே இல்லாத தேர்தல்

சர்வதேச குத்துச்சண்டை சங்கத்தின் நிர்வாகம், நிதி, நடுவர் தீர்ப்புகள் மீது புகார்கள் குவிந்ததால், 2019-ல் அதன் அங்கீகாரத்தை சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி நிறுத்திவைத்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் குத்துச்சண்டையை ஒலிம்பிக் கமிட்டியே பொறுப்பேற்று நடத்தியது.

2022 மே மாதம் இஸ்தான்புல்லில் தலைவர் தேர்தல். பதவியில் இருந்த ரஷ்யாவின் உமர் கிரெம்லேவை எதிர்த்து நெதர்லாந்தின் போரிஸ் வான் டெர் வோர்ஸ்ட் நின்றார். தேர்தலுக்கு முந்தைய நாள் அவர் தகுதி நீக்கம் செய்யப்பட, கிரெம்லேவ் போட்டியின்றித் தலைவரானார். வான் டெர் வோர்ஸ்ட் விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றத்துக்குப் போனார். அவரைத் தடுத்தது தவறு என்று தீர்ப்பு வந்தது.

அப்படியென்றால் மறுதேர்தல் நடந்திருக்க வேண்டுமே? அங்கேதான் ட்விஸ்ட். செப்டம்பரில் ஆர்மீனியாவின் யெரெவானில் கூடிய சங்கங்களிடம், 'மறுதேர்தல் வேண்டுமா?' என்பதையே ஓட்டுக்கு விட்டார்கள். வேண்டாம் என்று 106 ஓட்டுகள், வேண்டும் என்று 36. கதை முடிந்தது.

2023 ஜூனில் அந்தச் சங்கத்தின் அங்கீகாரத்தை ஒலிம்பிக் கமிட்டி முழுமையாக ரத்துசெய்தது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கின் ஆரம்பப் பட்டியலில் குத்துச்சண்டையே இல்லை. 'வேர்ல்டு பாக்ஸிங்' என்ற புதிய அமைப்பு உருவாகி, அதற்குத் தற்காலிக அங்கீகாரம் கிடைத்த பிறகு, 2025 மார்ச்சில்தான் குத்துச்சண்டைக்கு மீண்டும் இடம் உறுதியானது. இந்தியாவும் புதிய அமைப்பில்தான் இருக்கிறது.

நம் வீட்டுக் கதை

உலக அமைப்பை மட்டும் குறை சொல்ல முடியாது. 2012-ல் இந்திய சம்மேளனத்தின் தேர்தலில் முறைகேடு நடந்திருக்கலாம் என்று கூறி, உலக அமைப்பு அதை சஸ்பெண்ட் செய்தது. 2013-ல் அல்மாட்டியில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் இந்திய வீரர்கள் மூவர்ணக் கொடியின் கீழ் களமிறங்க முடியவில்லை. அடுத்து வந்த 'பாக்ஸிங் இந்தியா'வும் உட்பூசலில் நிலைக்கவில்லை. இப்போதைய சம்மேளனம் 2016 செப்டம்பரில், அதாவது ரியோ ஒலிம்பிக் முடிந்த பிறகே அமைந்தது.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து 8 பேர் குத்துச்சண்டை வளையத்தில் ஏறினார்கள். ரியோவில் 3 பேர். இதற்குச் சங்கச் சண்டை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், அந்த நான்கு ஆண்டுகளைத் தொலைத்தவர்கள் வீரர்கள்தான்.

2025-லும் சம்மேளனத் தேர்தல், 'யார் போட்டியிடலாம்' என்ற வழக்குகளால் பல மாதங்கள் தள்ளிப்போனது. ஒருவழியாக ஆகஸ்ட்டில் நடந்த தேர்தலில் அஜய் சிங் 40-26 என்ற கணக்கில் வென்று மூன்றாவது முறையாகத் தலைவரானார். ஓட்டுப் போட்டவர்கள் மாநிலச் சங்கங்களின் பிரதிநிதிகள்.

வீரர்களுக்கே ஓட்டுக் கொடுத்தால்?

கால்பந்தில் அப்படி ஒரு முயற்சி நடந்தது. 2022-ல் அகில இந்திய கால்பந்து சம்மேளனத் தேர்தலில், மாநிலச் சங்கங்களின் 36 ஓட்டுகளோடு 36 முன்னாள் வீரர்களுக்கும் ஓட்டு தர ஏற்பாடானது. ஃபிஃபா இதை ஏற்கவில்லை. நீதிமன்றம் நியமித்த குழு நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்ததை 'வெளியார் தலையீடு' என்று சொல்லி, ஆகஸ்ட்டில் இந்தியாவையே தடைசெய்தது.

ஆசிய மகளிர் கிளப் போட்டிக்காக உஸ்பெகிஸ்தானுக்குப் போயிருந்த கோகுலம் கேரளா அணி, ஒரு மேட்ச்கூட ஆடாமல் திரும்பியது. வீரர்களுக்கான ஓட்டு கைவிடப்பட்டது. குழுவும் கலைக்கப்பட்டது. அடுத்த சில நாள்களிலேயே தடை நீங்கியது. செப்டம்பர் 2-ல் நடந்த தேர்தலில், இந்திய அணியின் முன்னாள் கேப்டன் பாய்ச்சுங் பூட்டியாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஓட்டு. கல்யாண் சௌபேக்கு 33.

புதுச் சட்டம் என்ன செய்யும்?

2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒரு சம்மேளனத்தின் நிர்வாகக் குழுவில் 15 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அதில் குறைந்தது 4 பெண்களும், 2 சிறந்த விளையாட்டு வீரர்களும் கட்டாயம் இருக்க வேண்டும். தேர்தலைக் கண்காணிக்கத் தனிக் குழுவும், வழக்குகளை விசாரிக்கத் தனித் தீர்ப்பாயமும் உண்டு. வீரர்களுக்கு மேஜையில் நாற்காலி கிடைக்கிறது. ஆனால், ஓட்டுப் பெட்டியின் சாவி இன்னமும் சங்கங்களிடம்தான்.

பெற்றோர் கவனத்துக்கு...

தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித இடஒதுக்கீடு இருக்கிறது. அதற்குப் பதக்கம் மட்டும் போதாது, செல்லுபடியாகும் சான்றிதழும் வேண்டும். ஒரே விளையாட்டுக்கு இரண்டு, மூன்று சங்கங்கள் போட்டி நடத்தும்போது, அங்கீகாரம் இல்லாத சங்கத்தின் சான்றிதழ் பிறகு கைகொடுக்காமல் போகலாம்.

அதனால் நுழைவுக் கட்டணம் கட்டும் முன்பே, போட்டியை நடத்தும் சங்கம் மாநிலச் சங்கத்தோடு இணைந்ததா, அந்த மாநிலச் சங்கத்தை தேசிய சம்மேளனம் ஏற்றிருக்கிறதா என்று தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் மாவட்டச் சங்கத்துக்குக் கடைசியாக எப்போது தேர்தல் நடந்தது என்றும் கேளுங்கள். நம் சிறுமியிலிருந்து ஒலிம்பிக் வரை நீளும் படிகளில், நாம் நேரில் போய்க் கேள்வி கேட்கக்கூடிய முதல் படி அதுதான்.